கையில் குழந்தை, மனதில் தேடல்: தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் குருவும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. இரண்டு பிள்ளைகளின் அம்மா. பெரியவளுக்கு 16 வயது, சின்னவனுக்கு 10. ஒரு காலத்தில் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் அசையாமல் தியானத்தில் உட்கார்ந்த ஆள். பெரியவள் பிறந்ததும் அது போயிற்று. திரும்பி வர ஏறக்குறைய எட்டு வருடம் ஆனது, அதுவும் வேறு உருவத்தில். அந்த எட்டு வருடத்தைப் பற்றி ஒருமுறை வாய் விட்டுப் பேசிவிட்டேன். அதிலிருந்து இளம் தாய்மார்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு, எதிலும் சேராதவர்களும் உண்டு. அதனால் பதில்களிலும் பல மரபுகள் கலந்து வரும்.

குழந்தை பிறந்ததிலிருந்து பிரார்த்தனை, தியானம் எல்லாமே நின்றுவிட்டது. நான் கடவுளிடமிருந்து விலகிவிட்டேனா?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். கேட்பவரின் குரல் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றி, தூங்கவைத்து நிமிர்வதற்குள் அடுத்த முறை வந்துவிடும். இந்தக் கணக்கில் ‘காலை ஐந்து முதல் ஆறு வரை என் நேரம்’ என்று ஒன்று எப்படி நிற்கும்? நின்றுபோனது உங்கள் நேர ஒழுங்கு. பக்தி எங்கும் போகவில்லை; போயிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வலித்திருக்காது.

மரபுகள் நம்மிடம் காட்டுகிற கண்டிப்பைவிட நாம் நம்மிடம் காட்டுகிற கண்டிப்பு அதிகம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கத்தோலிக்கத் திருச்சபை ஞாயிறு திருப்பலியைக் கடமை என்கிறது. அதே திருச்சபை 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், விலக்குக்குத் தகுந்த காரணங்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறது: ஒன்று நோய், மற்றொன்று கைக்குழந்தையைப் பராமரிப்பது. இஸ்லாத்தில் பாலூட்டும் தாய், தனக்கோ குழந்தைக்கோ கெடுதல் வரும் என்று அஞ்சினால் ரமலான் நோன்பைத் தள்ளிவைக்கலாம். பிறகு எப்படி ஈடுசெய்வது என்பதில் மார்க்கச் சட்ட மரபுகளிடையே வேறுபாடு உண்டு, மார்க்க அறிஞர் (ஆலிம்) ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யூத மரபில், குறித்த நேரத்தில் செய்தாக வேண்டிய கட்டளைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு. அதற்குப் பலரும் சொல்லும் காரணங்களில் குழந்தை வளர்ப்பும் ஒன்று.

இந்த விதிகளை வகுத்தவர்கள் இளகிய பேர்வழிகள் இல்லை. அவர்களே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் ஏன் நம்மை அடித்துக்கொள்ள வேண்டும்?

எனக்கென்று ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. எப்போது செய்வது?

புதிதாக நேரம் தேடாதீர்கள், கிடைக்காது. எப்படியும் செய்தே ஆக வேண்டிய ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும். பால் கொடுக்க உட்காரும் முதல் நிமிடம், குழாயைத் திறந்து கை கழுவும் நேரம், பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரம், இவற்றில் ஏதாவது ஒன்று. அந்த வேலை வரும்போதெல்லாம் ஒரே ஒரு சிறு வாக்கியம் சொல்லுங்கள். நாமமோ, இறைவனை நினைந்து ஓதும் திக்ரோ, ‘ஆண்டவரே, இரங்கும்’ என்பதோ, ‘இதோ இருக்கிறேன்’ என்பதோ, உங்களுக்குப் பழகிய எதுவானாலும் சரி. எந்த மரபிலும் சேராதவர்கள் மூச்சை இழுத்ததைவிட இன்னும் மெதுவாக வெளியே விட்டால் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். உடம்பு அமைதியாக மனமும் கொஞ்சம் இறங்கிவரும்.

எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ஒரு நிமிடம் கையில் போன் வேண்டாம். எனக்குத் தெரிந்து இதில் தோற்றவர்களில் பாதிப் பேர் போனிடம்தான் தோற்றார்கள். நானும் அந்தப் பாதியில் இருந்தவள்தான்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு துறவி இருந்தார். மடத்துச் சமையலறையில் வேலை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவில் இருக்கும்போதும், கோயிலில் முழந்தாளிடும்போதும் தனக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்று சொன்னார். 1691இல் அவர் இறந்த பிறகு அவருடைய பேச்சையும் கடிதங்களையும் தொகுத்தார்கள். இன்றுவரை அவை படிக்கப்படுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: பாத்திரம் கழுவும்போது அவர் இடுப்பில் குழந்தை இருக்கவில்லை, இரவில் மூன்று முறை யாரும் அவரை எழுப்பவில்லை. ஆகவே அவருக்கு வந்தது உங்களுக்கு ஒரு வாரத்தில் வரவில்லையே என்று நினைக்காதீர்கள்.

துண்டு துண்டாகச் செய்தால் பலன் உண்டா என்று கூடவே கேட்பார்கள். கீதை இரண்டாம் அத்தியாயத்தில் 40ஆவது சுலோகம், இந்த வழியில் தொடங்கிய முயற்சி எதுவும் வீணாவதில்லை, சிறிதளவு செய்தாலும் அது காக்கும் என்கிறது. குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் என்று அங்கே எந்தக் கணக்கும் இல்லை.

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் அந்த நிமிடமே குழந்தை கூப்பிடுகிறது. எனக்குக் கோபம் வருகிறது.

வரும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன். சின்னவனுக்கு இரண்டு வயது. பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி உட்காரத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. கண்ணை மூடி, அன்பைப் பற்றித்தான் (வேறெதைப் பற்றியும் இல்லை) தியானம் செய்துகொண்டிருந்தேன். அவன் வந்து என் முழங்கையைத் தொட்டான். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தொட்டான். ‘போ அந்தப் பக்கம்!’ என்று கத்தினேன். அவன் போகவில்லை, கையில் அறுந்த செருப்பை வைத்துக்கொண்டு அழாமல் நின்றான். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அன்பைப் பற்றிய அன்றைய தியானம் அத்துடன் முடிந்தது.

சில நாள் கழித்து ஒரு முஸ்லிம் தோழியிடம் இதைச் சொன்னேன். அவர் நபியின் வாழ்க்கையைப் பற்றிய இரண்டு ஹதீஸ்களை, அதாவது பதிவுகளைச் சொன்னார், இரண்டும் புகாரித் தொகுப்பில் இருப்பவை. நபிகள் நாயகம் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நிற்பாராம். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கிவிடுவாராம். இன்னொன்றில், பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார். சஜ்தாவுக்குக் குனியும்போது கீழே விடுவார், எழும்போது மறுபடி தூக்கிக்கொள்வார். அங்கே குழந்தையின் குரல் தொழுகையைக் கெடுக்கவில்லை. தொழுகைதான் அந்தக் குரலுக்கு ஏற்ப வளைந்தது.

நடைமுறையில் நான் செய்வது இது. கூப்பிட்டால் எழுந்துவிடுவேன், ஆனால் எழுவதற்கு முன் ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு விட்ட பிறகு எழுந்தால் போகிறவள் வேறு ஆளாக இருக்கிறாள். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். வர முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் பலரையும் அடியோடு விட்டுவிட வைக்கிறது.

‘பிள்ளை வளர்ப்பதே தவம், தனியாக என்ன சாமி கும்பிட வேண்டியிருக்கிறது?’ என்கிறார்களே. உண்மையா?

பாதி உண்மை. யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இரவு முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்த ஒருத்தி தன்னைப் பற்றிச் சொன்னால் அது அனுபவம். குழந்தையை அரை மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவர், வாங்காமல் உட்கார்ந்தபடி சொன்னால் அது தப்பித்தல்.

‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ கதை நமக்கெல்லாம் தெரியும். தலையில் எச்சமிட்ட கொக்கைத் தவ வலிமையால் முறைத்துப் பார்த்தே எரித்தவர் கொங்கணவர். பிச்சைக்கு வந்த வீட்டில் வள்ளுவரின் மனைவி வாசுகி வரத் தாமதமானதும் அவரையும் அதேபோல் முறைத்தார். வாசுகி எரியவில்லை, ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்று மட்டும் கேட்டார். காட்டில் நடந்தது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று முனிவர் திகைத்துப் போனார். மகாபாரதத்து வன பருவத்திலும் கௌசிகன் என்ற பெயரில் கிட்டத்தட்ட இதே கதை இருக்கிறது. அங்கே அந்த இல்லத்தரசி அவனை மிதிலையில் இறைச்சி விற்கும் ஒருவரிடம் பாடம் கேட்க அனுப்புகிறாள். இந்தக் கதைகளைக் கணவனுக்குச் செய்யும் பணிவிடையின் பெருமைக்காகவே சொல்லிவந்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. முனிவர் முறைத்தபோது அவள் பதறவில்லை, பதிலுக்கு முறைக்கவும் இல்லை. வேலை செய்துகொண்டே அந்த நிதானத்துக்கு அவள் வந்திருக்கிறாள், அதுதான் எனக்குச் செய்தி. எல்லா வேலையும் தானாகத் தவமாகிவிடாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் வேலை பல்வலியைத்தான் தரும்.

இன்னொரு தாயும் நினைவுக்கு வருகிறாள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்பவர்கள் மக்காவில் ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடப்பார்கள். அது ஹாஜரா அம்மையாரின் ஓட்டம். பாலைவனத்தில், கைக்குழந்தை இஸ்மாயீல் தாகத்தால் துடிக்க, தண்ணீரோ ஆளோ தென்படாதா என்று குன்றுக்குக் குன்று ஓடினார். ஒரு தாய் பதறி ஓடிய ஓட்டமே வழிபாடாகிவிட்டது என்று இதைப் பலரும் நெகிழ்ந்து சொல்வார்கள். நானும் நெகிழ்வேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த ஓட்டத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது தண்ணீர், ஸம்ஸம் ஊற்று. ‘உன் தியாகம் மகத்தானது’ என்று அவளைப் பாராட்டிவிட்டு யாரும் போய்விடவில்லை. தாய்மையைப் புகழ்ந்து பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சரி, தண்ணீர் எங்கே?

குரு கட்டாயம் வேண்டுமா? யாரிடம் வழி கேட்பது?

பெரியவளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது நானும் வழிகாட்டிகளைத் தேடினேன். நள்ளிரவில் பால் கொடுத்துக்கொண்டே வீடியோக்கள். ஒருவர் ஆசையை விடு என்பார், அடுத்தவர் பெரிதாக ஆசைப்படு என்பார், மூன்றாமவர் ஒரு வகுப்பில் சேரச் சொல்வார். விடியும்போது தூக்கமும் இல்லை, வழியும் இல்லை.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒருநாள் ஏதோ பெரிய தத்துவக் கேள்வியாகத்தான் ஆரம்பித்தேன். மனம் ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது, இதற்கெல்லாம் பொருள் என்ன என்கிற மாதிரி. நான்கு பிள்ளைகள் வளர்த்தவர். நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். அப்புறம் கையை நீட்டி, ‘பிள்ளையை இப்படிக் கொடு. நீ போய் நிதானமாகக் குளிச்சுட்டு வா’ என்றார். கதவைத் தாழிட்டுக் குளித்தேன், அழுதேன், வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த வழிகாட்டுதல்களில் அதற்கு இன்றும் முதலிடம்.

எனவே என் பதில்: இந்தக் கட்டத்தில் தேட வேண்டியவர், உங்கள் நம்பிக்கையில் வேரூன்றிய, பிள்ளை வளர்த்து முடித்த ஒருவர். அவர் பிரபலமாக இருக்க வேண்டியதில்லை. அவர் பிள்ளைகள் அவரிடம் பயமில்லாமல் பேசுகிறார்களா என்று பாருங்கள், அது நல்ல அடையாளம். அவரிடம் போகும்போது ‘எனக்கு வழிகாட்டுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். ‘காலையில் எழுந்தவுடன் எரிச்சலாக இருக்கிறது, நீங்கள் அந்த வயதில் என்ன செய்தீர்கள்?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். மாதம் ஒரு முறை பேசினாலே போதும். உங்கள் பாதிரியார், இமாம், மடத்துப் பெரியவர் ஆகியோரிடம் மறைநூல் சார்ந்த சந்தேகங்களைக் கேட்கலாம். அவர்களில் பலருக்கு இரவு இரண்டு மணி அழுகை பழக்கமில்லை. அதைப் பெரிதுபடுத்தாமல், தெரிந்ததை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலகி ஓட வேண்டிய இடங்களும் உண்டு. வீட்டாரிடம் சொல்லாதே என்பவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர், குழந்தைக்கு ஏதோ தோஷம் என்று பயமுறுத்திப் பணம் கேட்பவர், தன்னை விட்டால் வேறு வழியில்லை என்பவர். களைத்துப்போன தாய் இவர்களுக்குச் சுலபமான இரை. இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், மரியாதைக்காகக்கூட உட்கார வேண்டாம்.

எதுவும் உள்ளே இறங்குவதில்லை, எல்லாம் வறண்டுவிட்டது. இது ஆன்மிக வறட்சியா, மனச்சோர்வா?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் காரணமில்லாத அழுகை, படபடப்பு, எரிச்சல் வருவது மிகச் சாதாரணம். இரண்டு வாரங்களுக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் சோகம் நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் மகிழ்ச்சி இல்லாவிட்டால், குழந்தையோடு ஒட்டுதலே வரவில்லை என்று தோன்றினால், நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். பிரசவித்த முதல் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம். உலக அளவில் சமீபத்தில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு, அதை மருத்துவர்கள் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நிரப்பச் சில நிமிடங்கள்தான் ஆகும். பாலூட்டும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

பக்தியுள்ள குடும்பங்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றும் உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள், தாய்க்குத் தீவிர மனக்குழப்பம் வரும். தூக்கமே தேவைப்படாதது போல் இருப்பாள், ‘கடவுள் என்னிடம் பேசுகிறார்’, ‘இந்தக் குழந்தை தெய்வ அவதாரம்’ அல்லது ‘இதற்குள் தீய சக்தி இருக்கிறது’ என்பாள். சுற்றியிருப்பவர்கள் அருள் வந்திருக்கிறது என்றோ பேய் பிடித்திருக்கிறது என்றோ நினைத்துவிடுகிறார்கள். இது மருத்துவ அவசரம். அன்றைக்கே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. தற்கொலை எண்ணமோ குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணமோ வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இவையெதுவும் இல்லாமல், சிரிக்கவும் தூங்கவும் முடிந்து, பிரார்த்தனை மட்டும் வெறும் வார்த்தையாக இருந்தால் அது வறட்சிதான். எல்லா மரபுப் பெரியவர்களும் அதைக் கடந்திருக்கிறார்கள். வார்த்தை வெறுமையாக இருந்தாலும் சொல்லுங்கள். அதற்கு முன் இரண்டு நாள் நன்றாகத் தூங்கிப் பாருங்கள்; எனக்கு வந்த ‘ஆன்மிக வறட்சி’களில் பாதிக்கு மேல் தூக்கத்தில் தீர்ந்தன.

பகலில் குழந்தையைத் திட்டிவிடுகிறேன், இரவில் அது தூங்குவதைப் பார்த்து அழுகிறேன். இந்தக் குற்ற உணர்வை என்ன செய்வது?

அந்த அழுகையைக் குழந்தை பார்ப்பதில்லை. அது பார்த்தது திட்டை மட்டும்தான். எனவே காலையில் விழித்ததும் அதனிடம் நேராகச் சொல்லுங்கள்: ‘நேற்று அம்மா கத்தினது தப்பு.’ இரண்டு வயதுக் குழந்தையானாலும் சரி. ‘ஆனால் நீயும்…’ என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். எந்த மதத்தில் பாவமன்னிப்பைப் பற்றிக் கேட்டாலும், மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதரிடம் சரிசெய் என்றுதான் முதலில் சொல்வார்கள். குழந்தையும் மனிதர்தான்.

டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1953இல் ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்ற கருத்தைச் சொன்னார். தொடக்கத்தில் தாய் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுதாக ஈடுகொடுக்கிறாள். பிறகு சிறிது சிறிதாகத் தவறவிடுகிறாள். குழந்தை தாங்கக்கூடிய அளவிலான அந்தத் தவறல்களில்தான் அது உலகத்தைக் கற்றுக்கொள்கிறது. முழுமையான தாய் அதற்குத் தேவையும் இல்லை.

கத்துவது தினசரி ஆகிவிட்டால், அல்லது கை ஓங்கும் அளவுக்குப் போனால், மன்னிப்போடு நிறுத்தாமல் உதவி தேடுங்கள். பெரும்பாலும் அங்கே பற்றாக்குறை பக்தியில் இருக்காது. தூக்கத்திலும் துணையிலும் இருக்கும்.

மறைநூல் படிக்க முடியவில்லை. காதால் கேட்டால் போதுமா?

தாராளமாக. வேதத்தைத் தமிழில் ‘எழுதாக் கிளவி’ என்றார்கள். சுருதி என்றாலே கேட்கப்பட்டது. குர்ஆனும் முதலில் ஓதிக் கேட்கப்பட்டதுதான். ஒரே ஒரு சிறு எச்சரிக்கை: நாள் முழுக்க ஓடவிட்டால் அது மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். ஒரு வரியை வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். நான் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பேன்.

குழந்தையோடு சேர்ந்தே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, அதில் தமிழுக்குத் தனி இடமே உண்டு. பெரியாழ்வார் தன்னை யசோதையாக வைத்துக்கொண்டு கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார், நீராட அழைத்தார், நிலவைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டினார். பிறகு அதுவே பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையாக வளர்ந்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்து, தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடுவது. தலையைத் தூக்கித் தவழ முயல்வது, கை கொட்டுவது, தாயை நோக்கித் தத்தி வருவது, எல்லாவற்றுக்கும் ஒரு பருவம் உண்டு. குழந்தை வளர்த்த யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

அதனால் தாலாட்டைத் தனியாகவும் பிரார்த்தனையைத் தனியாகவும் வைக்க வேண்டியதில்லை. உங்கள் நம்பிக்கை எதுவானாலும் அதில் ஒரு பாட்டை எடுத்துத் தூங்கவைக்கும் பாட்டாக்கிக்கொள்ளுங்கள். குரல் நன்றாக இல்லை என்பது ஒரு காரணமே இல்லை. என் குரலைக் கேட்டே இரண்டு பேரும் தூங்கியிருக்கிறார்கள், ஒருவேளை தப்பிப்பதற்காக இருக்கலாம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். நீங்கள் உட்காருவதை அவர்கள் பார்க்கிறார்கள், அது போதும்.

வீட்டில் யாரும் ஒத்துழைப்பதில்லை. ‘இப்போது என்ன தியானம்?’ என்று கேலி செய்கிறார்கள்.

தியானம், சாதனை (ஆன்மிகப் பயிற்சி) என்ற சொற்களை வீட்டில் பயன்படுத்தாதீர்கள். அவை விவாதத்தைக் கிளப்பும். கடிகாரத்தைச் சொல்லுங்கள். ‘ஏழு மணியிலிருந்து ஏழே கால் வரை குழந்தை உங்களிடம்.’ அந்தக் கால் மணியில் என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் விஷயம். குழந்தை உள்ளே அழுதாலும் நடுவில் ஓடிவந்து வாங்கிவிடாதீர்கள்; வாங்கினால் அடுத்த நாள் ஏழு மணி இருக்காது. அப்பாக்களும் கற்றுக்கொள்வார்கள், கொஞ்சம் அழவிட்டால். (அப்பாவைச் சொல்கிறேனா குழந்தையைச் சொல்கிறேனா என்பதை உங்களிடமே விடுகிறேன்.)

மெதடிசம் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சுசானா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், சமையல் மேலாடையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு பிரார்த்தனை செய்வாராம். அந்த நேரத்தில் அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். உதவிக்கு ஆளில்லாத வீடுகளுக்கு, தனியாக வளர்க்கும் தாய்மார்களுக்கு, இப்படி ஓர் அடையாளம் உதவும். ஒரு குறிப்பிட்ட துண்டு, ஒரு குறிப்பிட்ட நாற்காலி. நான்கு வயதுக்கு மேல் புரிந்துகொள்வார்கள். மூன்று நிமிடத்தில் ஆரம்பியுங்கள்.

எனக்கு நம்பிக்கையே இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று வேண்டும் போல் இருக்கிறது.

அந்த ‘ஏதோ ஒன்று’க்கு அவசரமாகப் பெயர் வைக்காதீர்கள். தாயாவது ஒரு பெண்ணின் உடம்பையும் அடையாளத்தையும் விடலைப் பருவம் போலவே புரட்டிப் போடுகிறது என்பதை மானுடவியலாளர் டானா ரஃபேல் 1973இலேயே எழுதி, அந்த மாற்றத்துக்கென்று ஒரு தனிச் சொல்லையும் உருவாக்கினார். பதினைந்து வயதில் எல்லாவற்றையும் சந்தேகித்தோமே, அதுபோல இப்போதும் வரும். தினமும் ஒரு வரி எழுதுங்கள், கடவுளுக்கோ உங்களுக்கோ என்று முடிவு செய்யாமல்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்தானே?

பார்த்துக்கொள்ளலாம். இல்லறத்துக்குப் பிறகுதான் வானப்பிரஸ்தம் என்று வரிசை வைத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நீண்ட நேரம் வேண்டிய பயிற்சிகள், யாத்திரை, பெரிய நூல்கள், இவற்றைக் கூசாமல் தள்ளிவையுங்கள். அந்த ஒரு மூச்சையும் ஒரு வாக்கியத்தையும் மட்டும் தள்ளிவைக்காதீர்கள். அது விட்டுப்போனால் பத்து வருடம் கழித்துக் கிடைக்கும் நேரத்தை என்ன செய்வதென்று கை பழகியிருக்காது.

நேரம் திரும்பி வருகிறது என்பதற்கு நான் சாட்சி. போன மாதம் ஒரு ஞாயிறு காலை வீட்டில் யாருமில்லை. ஒரு மணி நேரம் முழுதாக என் கையில். அசையாமல் உட்கார்ந்தேன். கால் மணி போயிருக்கும். யாரும் கூப்பிடவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.